டாட்ஜர்ஸ் அணியைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு: பிட்சர்கள் வழியாக ஒரு வழிகாட்டி

அமெரிக்க பேஸ்பாலைப் புதிதாகப் பார்ப்பவர்களின் கண் முதலில் ஹோம் ரன் மேல்தான் போகும். பந்து கூட்டத்துக்குள் போய் விழுவதைப் பார்த்தால் யாருக்கும் உற்சாகம் வரத்தான் செய்யும். ஆனால் ஓர் அணியோடு வருஷக்கணக்கில் ஒட்டிக்கொள்ள நினைப்பவர்கள் பந்து வீசுபவரை முதலில் பழகிக்கொள்வது நல்லது. மைதானத்தில் எல்லாமே பிட்சரின் கையிலிருந்துதான் கிளம்புகிறது. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் விஷயத்தில் இது இன்னும் உண்மை. 1883-ல் தொடங்கிய இந்த அணியின் வரலாற்றைப் பிட்சர்களின் வரிசையாகவே சொல்லிவிட முடியும். இந்தக் கட்டுரையும் அந்த வரிசையில்தான் போகிறது. எதை முதலில் தெரிந்துகொள்வது, யாரில் ஆரம்பிப்பது, எந்த ஆட்டங்களைத் தேடிப் பார்ப்பது, நேரலையில் எதைக் கவனிப்பது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் இவ்வளவு தெரிந்தால் போதும்

விதிப்புத்தகத்தை முழுக்கப் படித்துவிட்டு வர வேண்டாம். பிட்சர் நிற்கும் மேடு 10 அங்குல உயரம். அங்கிருந்து பேட்டரின் பக்கத்தில் தரையோடு பதிந்திருக்கும் ஹோம் பிளேட் வரை 60 அடி 6 அங்குலம். பிளேட்டின் அகலம் 17 அங்குலம். பேட்டரின் முழங்காலுக்கும் மார்புக்கும் நடுவே, பிளேட்டுக்கு மேலே பந்து போனால் அது ஸ்ட்ரைக். அந்தக் கட்டத்துக்கு வெளியே போய், பேட்டரும் மட்டையை வீசாமல் விட்டால் அது 'பால்'. மூன்று ஸ்ட்ரைக் ஆனால் பேட்டர் அவுட். நான்கு பால் ஆனால் பேட்டர் சும்மாவே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். அதை வாக் என்பார்கள். முதல், இரண்டாவது, மூன்றாவது பேஸ்களைச் சுற்றி ஹோம் பிளேட்டுக்குத் திரும்பி வந்தால் ஒரு ரன். பந்தை அடித்துவிட்டுப் பேட்டர் பத்திரமாகப் பேஸ் சேர்ந்தால் அது ஹிட். மூன்று அவுட் விழுந்தால் எதிரணியின் முறை. இப்படி ஒன்பது இன்னிங்ஸ், அதாவது ஓர் அணிக்கு 27 அவுட்.

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒன்று மட்டும் உறுத்தும். இங்கே பந்து தரையில் குத்தி எழும்பாது. ஆடுகளம் உதவியது, விரிசல் உதவியது என்ற பேச்சுக்கே இடமில்லை. பந்தைத் திருப்புவதும் வளைப்பதும் தாழ்த்துவதும் எல்லாம் காற்றில்தான். பந்தின் மேல் சிவப்பு நூலில் 108 இரட்டைத் தையல்கள் இருக்கின்றன. விரல் அந்தத் தையலில் எங்கே பதிகிறது, கையை விடும்போது எந்தப் பக்கம் சுழற்சி ஏறுகிறது என்பதில்தான் பிட்சரின் வித்தை முழுவதும் இருக்கிறது. வேகமான பந்து மேட்டிலிருந்து பேட்டரிடம் வர அரை வினாடிகூட ஆகாது.

பந்து வகைகளில் நான்கு தெரிந்தால் ஆரம்பிக்கலாம். ஃபாஸ்ட்பால் என்பது நேர் வேகம். கர்வ்பால் மேலே போவதுபோல் போய் உள்ளே விழும். ஸ்லைடர் கடைசி நொடியில் பக்கவாட்டில் வெட்டும். சேஞ்ச்அப் அதே கைவீச்சில் வரும், ஆனால் மெதுவாக வரும். பேட்டர் முன்கூட்டியே மட்டையை வீசிவிடுவார். மற்ற வகைகளை எல்லாம் பார்க்கப் பார்க்கத் தெரிந்துகொள்ளலாம்.

அணியின் கதை, சுருக்கமாக

அணி பிறந்தது நியூயார்க்கின் புரூக்ளினில். தெருவில் ஓடும் டிராம் வண்டிகளுக்கு நடுவே விலகி விலகி நடந்த புரூக்ளின்வாசிகளின் பட்டப்பெயர்தான் அணிக்கும் வந்தது. 1913 முதல் 1957 வரை எபெட்ஸ் ஃபீல்டு அவர்கள் மைதானம். 1947 ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் இந்த அணிக்காகக் களமிறங்கி, பெரிய லீக்கில் கறுப்பினத்தவருக்கு அதுவரை அடைத்திருந்த கதவைத் திறந்தார். இரண்டு வருஷம் கழித்து டான் நியூகம்ப் என்ற பிட்சர் வந்தார். சிறந்த பிட்சருக்கான சை யங் விருது 1956-ல் முதல்முதலாக வழங்கப்பட்டபோது அதை வாங்கியவர் அவர்தான்.

சீசனின் முடிவில் கோப்பைக்காக நடக்கும் உலகத் தொடரில், அதாவது வேர்ல்டு சீரிஸில், முதலில் நான்கு ஆட்டம் வெல்பவருக்குக் கோப்பை. அதில் புரூக்ளின் அணி நியூயார்க் யாங்கீஸிடம் திரும்பத் திரும்பத் தோற்றது. 1955-ல் ஜானி பாட்ரஸ் என்ற இளம் இடதுகைப் பிட்சர் ஏழாவது ஆட்டத்தில் யாங்கீஸை ஒரு ரன்கூட எடுக்க விடாமல் 2-0 என்று வென்று கொடுத்தார். புரூக்ளினுக்குக் கிடைத்த ஒரே கோப்பை அதுதான். 1958-ல் அணி லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய்விட்டது. அங்கே 1959, 1963, 1965, 1981, 1988, 2020, 2024, 2025 ஆகிய வருஷங்களில் கோப்பை. இந்த வருஷங்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிட்சரின் முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டால் தானாக நினைவில் நிற்கும்.

கோஃபாக்ஸில் ஆரம்பியுங்கள்

சாண்டி கோஃபாக்ஸ் புரூக்ளினிலேயே பிறந்தவர். 1955-ல், 19 வயதில் அணிக்கு வந்தார். இடது கையில் அசுர வேகம், ஆனால் பந்து எங்கே போகும் என்று அவருக்கே தெரியாது. முதல் ஆறு சீசன்களில் 36 வெற்றி, 40 தோல்வி. 1961 வசந்தகாலப் பயிற்சி ஆட்டம் ஒன்றில் பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சரான நார்ம் ஷெர்ரி அவரிடம் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொன்னார். பிடியைத் தளர்த்தி வீசிப் பார்த்தால் பந்து சொன்ன இடத்துக்குப் போகிறது, வேகமும் குறையவில்லை. அங்கிருந்துதான் எல்லாம் மாறியது.

பெரிய லீக்கின் இரு பிரிவுகளில் டாட்ஜர்ஸ் ஆடுவது நேஷனல் லீக். 1962 முதல் 1966 வரை ஐந்து வருஷமும் அதன் மிகக் குறைந்த ஈ.ஆர்.ஏ. அவருடையதுதான். ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் விட்டுக்கொடுத்தார் என்பதுதான் ஈ.ஆர்.ஏ.; தன் அணி ஃபீல்டிங்கில் சொதப்பியதால் வந்த ரன்கள் அதில் சேராது. மூன்றுக்குக் கீழே இருந்தால் அந்தப் பிட்சர் நல்ல பிட்சர். கோஃபாக்ஸ் 1966-ல் 1.73.

1965 செப்டம்பர் 9 இரவை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். எதிரணி சிகாகோ கப்ஸ். அவர்களின் பிட்சர் பாப் ஹெண்ட்லி அன்று இரவு முழுக்க விட்டுக்கொடுத்தது ஒரே ஒரு ஹிட். டாட்ஜர்ஸ் எடுத்த ஒரே ரன்னுக்கு அந்த ஹிட்கூடத் தேவைப்படவில்லை. லூ ஜான்சன் வாக்கில் முதல் பேஸுக்குப் போனார், அடுத்த பேட்டர் தான் அவுட் ஆகி அவரை நகர்த்திவிட்ட தியாக அடியில் இரண்டாவது பேஸுக்குப் போனார், யாரும் அடிக்காமலே ஓடி மூன்றாவது பேஸைத் திருடினார். அவரைப் பிடிக்க கேட்சர் எறிந்த பந்து தவறிப் போக, அப்படியே ஓடி வந்து ரன் சேர்த்தார். மறுபக்கம் கோஃபாக்ஸ் 27 பேரையும் வரிசையாக அவுட் ஆக்கினார். ஒருவர்கூட முதல் பேஸை மிதிக்கவில்லை. இதற்குப் பெயர் பெர்ஃபெக்ட் கேம். 14 ஸ்ட்ரைக் அவுட். அதில் கடைசி ஆறு பேரும் தொடர்ச்சியாக ஸ்ட்ரைக் அவுட். ஹிட்டே விடாமல் அவர் முடித்த நான்காவது ஆட்டம் அது. 1962-லிருந்து வருஷத்துக்கு ஒன்றாக நான்கு.

ஒன்பதாவது இன்னிங்ஸின் வர்ணனை ஒலிப்பதிவாகக் கிடைக்கிறது. பேசுபவர் வின் ஸ்கல்லி, 67 சீசன்கள் டாட்ஜர்ஸுக்காக வர்ணனை செய்தவர். அவர் நடுநடுவே மணி எத்தனை என்று சொல்லிக்கொண்டே போவார். அதை ஒருமுறை காதில் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக் கேளுங்கள். ஆங்கிலம் கொஞ்சம் தட்டுத்தடுமாறினாலும் பரவாயில்லை, குரலிலேயே எல்லாம் தெரியும்.

அதே வருஷம் மினசோட்டாவுக்கு எதிரான உலகத் தொடரின் முதல் ஆட்டம் யூதர்களின் புனித நோன்பு நாளான யோம் கிப்பூரில் வந்தது. யூதரான கோஃபாக்ஸ் அன்று ஆட மறுத்துவிட்டார். அவருக்குப் பதில் வீசிய டான் ட்ரைஸ்டேல் தோற்றார். தொடர் ஏழாவது ஆட்டம் வரை போனது. இரண்டே நாள் ஓய்வோடு கோஃபாக்ஸ் மேடேறினார். அன்று அவருடைய கர்வ்பால் சரியாக விழவில்லை. பெரும்பாலும் ஃபாஸ்ட்பாலை மட்டும் வைத்துக்கொண்டு மூன்றே ஹிட், 10 ஸ்ட்ரைக் அவுட், 2-0. தனக்குப் பிடித்த ஆயுதம் கைகொடுக்காத நாளில் ஒரு பிட்சர் என்ன செய்கிறார் என்பதுதான் எனக்கு முக்கியம். அதனால் பெர்ஃபெக்ட் கேமைவிட இந்த ஆட்டத்தையே நான் ஒரு படி மேலே வைப்பேன்.

அடுத்த வருஷம் 27 வெற்றி எடுத்துவிட்டு, 30 வயதில் ஓய்வு பெற்றார். இடது முழங்கையில் மூட்டுவாதம். அந்தக் கை நிரந்தரமாகக் கெட்டுப்போகும் என்ற பயம் இருந்தது.

ட்ரைஸ்டேலும் ஹெர்ஷைசரும்

இந்த இருவரையும் சேர்த்தே படியுங்கள். ட்ரைஸ்டேல் 1968-ல் தொடர்ந்து 58 இன்னிங்ஸுக்கு மேல் ரன்னே விடவில்லை. அந்தச் சாதனை மே 31 அன்று உடைந்திருக்க வேண்டியது. ஒன்பதாவது இன்னிங்ஸ், மூன்று பேஸிலும் ஆள், யாரும் அவுட் இல்லை. ஜெயண்ட்ஸ் பேட்டர் டிக் டீட்ஸ் மேல் பந்து பட்டது. பந்து பட்டால் பேட்டருக்கு முதல் பேஸ். ஒரு ரன் உள்ளே வந்தாக வேண்டும். ஆனால் அவர் விலகவே முயலவில்லை என்று நடுவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். பெரிய வாக்குவாதம். டீட்ஸ் மறுபடி மட்டையெடுத்து அவுட் ஆனார், ட்ரைஸ்டேல் ரன் இல்லாமலே தப்பினார். அந்த வருஷம் லீக் முழுவதும் பிட்சர்கள் கை ஓங்கியே இருந்ததால், 1969 முதல் மேட்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 ஆகக் குறைத்தார்கள்.

1988-ல் ஒரெல் ஹெர்ஷைசர் அந்தச் சாதனையைத் தாண்டி 59 இன்னிங்ஸ் போனார். சான் டியாகோவில் ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தும் ஆட்டம் 0-0 என்று நின்றதால்தான் பத்தாவதையும் வீச முடிந்தது. அப்போது டாட்ஜர்ஸின் வர்ணனையாளர்களில் ஒருவராக இருந்தவர் ட்ரைஸ்டேல். ஹெர்ஷைசர் அந்த வருஷம் சை யங் விருதும் வாங்கி, உலகத் தொடரின் சிறந்த வீரராகவும் தேர்வானார்.

முழங்கையைப் பற்றி ஒரு வார்த்தை

பிட்சர்களைப் பற்றிய செய்திகளில் 'டாமி ஜான்' என்ற பெயர் அடிக்கடி கண்ணில் படும். அது வெறும் அறுவை சிகிச்சையின் பெயர் என்று நினைத்துக்கொண்டே போய்விடாதீர்கள். டாமி ஜான் டாட்ஜர்ஸின் இடதுகைப் பிட்சர். 1974-ல் அவர் முழங்கையின் உட்புறத் தசைநார் அறுந்துபோனது. அதுவரை அப்படி ஆனவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அணியின் மருத்துவர் ஃபிராங்க் ஜோப் அவருடைய வலது முன்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து இடது முழங்கை எலும்பில் துளையிட்டுக் கோத்தார். 1975 சீசன் முழுக்கப் போனது. 1976-ல் டாமி ஜான் திரும்பி வந்து, அதற்குப் பிறகு மட்டும் 164 ஆட்டங்கள் வென்றார். இன்று பெரிய லீக்கில் வீசும் பலரின் முழங்கையில் அந்தத் தழும்பு இருக்கிறது. ஒரு பிட்சர் ஒன்றரை வருஷம் காணாமல் போனால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

வலென்சுவேலா: ஊரையே உள்ளே கூட்டிவந்தவர்

இவரைப் புரிந்துகொள்ள மைதானத்தின் கதை தெரிய வேண்டும். டாட்ஜர் ஸ்டேடியம் இருக்கும் சாவேஸ் ரவீன் பகுதியில் முன்பு மெக்சிக வம்சாவளிக் குடும்பங்கள் வாழ்ந்தன. அரசுக் குடியிருப்பு கட்டப்போகிறோம் என்று சொல்லி 1950-களில் அவர்களை வெளியேற்றினார்கள். அந்தக் குடியிருப்பு வரவே இல்லை. நிலம் கடைசியில் டாட்ஜர்ஸ் கைக்கு வந்தது. 1959 மே மாதம் மிச்சமிருந்த குடும்பங்களைப் போலீஸ் வீட்டுக்குள்ளிருந்து தூக்கி வெளியே போட்டது. 1962-ல் மைதானம் திறந்தது. அந்த மக்களில் பலர் நெடுங்காலம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காததில் என்ன ஆச்சரியம்?

1981 சீசனின் முதல் ஆட்டத்தில் வீச வேண்டியவருக்குக் கெண்டைக்கால் காயம். அவசரமாக மேடேற்றப்பட்டவர் ஃபெர்னாண்டோ வலென்சுவேலா. வயது 20, மெக்சிகோவின் சொனோரா மாநிலத்துக் கிராமத்துப் பையன், கொஞ்சம் பருத்த உடம்பு, ஆங்கிலம் தெரியாது. வீசுவதற்கு முன் கண்ணை வானத்தை நோக்கி உயர்த்துவார். கையில் ஸ்க்ரூபால் என்று அபூர்வமான ஒரு பந்து. வழக்கமான கர்வ்பாலுக்கு எதிர்ப்பக்கம் வளையும். அன்று 2-0 வெற்றி. முதல் எட்டு ஆட்டங்களிலும் வெற்றி, அதில் ஐந்தில் எதிரணிக்கு ரன்னே இல்லை. அவர் வீசும் நாளில் மைதானம் நிரம்பி வழிந்தது. ஸ்பானிஷ் வானொலியில் அவர் ஆட்டத்தைக் கேட்காத மெக்சிக வீடு லாஸ் ஏஞ்சலஸில் அபூர்வம். ஒரே சீசனில் சை யங் விருதும் சிறந்த புதுமுகம் விருதும் வாங்கியவர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

அவருடைய ஆட்டங்களில் ஒன்றைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால், 1981 உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டத்தைப் பாருங்கள். யாங்கீஸிடம் 0-2 என்று பின்தங்கியிருந்த நிலை. வலென்சுவேலாவுக்கு அன்று எதுவும் சரியில்லை. ஒன்பது ஹிட், ஏழு வாக். ஆனாலும் மேனேஜர் டாமி லசோர்டா அவரை மாற்றவில்லை. 147 பந்து வீசி 5-4 என்று ஜெயித்துவிட்டுத்தான் இறங்கினார். அதற்கப்புறம் டாட்ஜர்ஸ் ஒரு ஆட்டமும் தோற்காமல் கோப்பையை வென்றது. 2024 அக்டோபரில், அதே இரு அணிகளும் மோதிய உலகத் தொடர் தொடங்க மூன்று நாள் இருக்கையில் அவர் காலமானார்.

நோமோ, பிறகு கெர்ஷா

1994-ல் வேலைநிறுத்தத்தால் உலகத் தொடரே நடக்கவில்லை. ரசிகர்கள் கசந்துபோயிருந்த அடுத்த வருஷம் ஜப்பானிலிருந்து ஹிடியோ நோமோ வந்தார். முதுகை முழுக்கப் பேட்டரிடம் காட்டிச் சுழன்று வீசும் அவர் பாணிக்கு டொர்னேடோ என்று பெயர். வந்த வருஷமே நேஷனல் லீக்கில் அதிக ஸ்ட்ரைக் அவுட் அவருடையது. அவர் போட்ட பாதையில்தான் பின்னால் அத்தனை ஜப்பானியப் பிட்சர்கள் வந்தார்கள்.

கிளேட்டன் கெர்ஷா 2008 முதல் 2025 வரை 18 சீசன்களும் இந்த ஒரே அணிக்கு வீசினார். மூன்று சை யங், 2014-ல் நேஷனல் லீக்கின் மதிப்புமிக்க வீரர் விருது, 3,000-க்கு மேல் ஸ்ட்ரைக் அவுட், 2.53 ஈ.ஆர்.ஏ. அவர் கர்வ்பாலை மெதுவோட்டத்தில் பாருங்கள். பேட்டரின் தலைக்கு மேல் போவதுபோல் கிளம்பி முழங்காலில் வந்து விழும். 2014 ஜூன் 18 அன்று கொலராடோவுக்கு எதிராக அவர் ஹிட்டே விடாத ஆட்டத்தில் 15 ஸ்ட்ரைக் அவுட். ஒரே ஒருவர் பேஸுக்குப் போனார், அதுவும் ஃபீல்டரின் தவறால்.

ஆனால் கோப்பையைத் தீர்மானிக்கும் அக்டோபர் மாத ஆட்டங்கள் அவரை வருத்தின. 2019-ல் வாஷிங்டனுக்கு எதிரான தீர்மானமான ஆட்டத்தில் அடுத்தடுத்த இரண்டு பந்துகளில் இரண்டு ஹோம் ரன். பெஞ்சில் தனியாகத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த அவர் படம் ரொம்ப நாள் சுற்றியது. அடுத்த வருஷம் உலகத் தொடரில் இரண்டு ஆட்டங்களை வென்று கோப்பையைத் தூக்கினார். அந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கெர்ஷா புரிவார். 2025 உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம் 18 இன்னிங்ஸ் போனது. 12-வது இன்னிங்ஸில் மூன்று பேஸும் நிறைந்திருக்க அவரை அழைத்தார்கள். ஒரே பேட்டர், ஒரே அவுட். டாட்ஜர்ஸுக்காக அவர் கடைசியாக வீசியது அதுதான்.

ஸ்கோர்கார்டு படிக்கப் பழகுங்கள்

2025 உலகத் தொடரின் இரண்டாவது ஆட்டத்தில் யோஷினோபு யமமோட்டோவின் வரி இப்படி இருக்கும்: 9 இன்னிங்ஸ், 4 ஹிட், 1 ரன், 0 வாக், 8 ஸ்ட்ரைக் அவுட், 105 பந்து. முதலில் வாக் எண்ணிக்கையைப் பாருங்கள். பூஜ்ஜியம் என்றால் அன்று அவருக்குப் பந்து சொன்னபடி கேட்டிருக்கிறது. அடுத்து பந்து எண்ணிக்கை. இந்தக் காலத்தில் 100-ஐ நெருங்கினாலே மாற்றிவிடுவார்கள். ஒன்பது இன்னிங்ஸும் ஒருவரே வீசுவது அபூர்வம். வெற்றி-தோல்விக் கணக்குக்கு ரொம்ப முக்கியத்துவம் தராதீர்கள், ஹெண்ட்லி அன்று ஒரே ஹிட் விட்டும் தோற்றாரே. ஆட்டத்தை முடித்துக்கொடுக்க வருபவர் குளோசர். அவருக்குச் 'சேவ்' என்று தனிக் கணக்கு. 2003-ல் எரிக் கான்யே 55 வாய்ப்பில் 55-ஐயும் காப்பாற்றி, சை யங் விருது வாங்கினார்.

அந்தத் தொடரின் ஆறாவது ஆட்டத்திலும் யமமோட்டோ 96 பந்து வீசினார். மறுநாளே, ஏழாவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில் திரும்பவும் மேடேறினார். சமநிலை, ஒருவர் அவுட், இரண்டு பேஸில் டொராண்டோ ஆட்கள். வந்ததும் ஒருவர் மேல் பந்து பட்டு மூன்று பேஸும் நிரம்பியது. அதிலிருந்து மீண்டு, 11-வது இன்னிங்ஸ் வரை ரன்னே விடாமல் வீசி 5-4 என்று கோப்பையை முடித்தார். முதன்முதலாக ஒரு முழு ஆட்டத்தை உட்கார்ந்து பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இந்த ஏழாவது ஆட்டத்தைத்தான். பழைய ஆட்டங்கள் பலவும் லீக்கின் யூடியூப் பக்கத்தில் இருக்கின்றன.

நேரலைக்கு வரும்போது

சீசன் மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் இறுதிவரை 162 ஆட்டங்கள். லாஸ் ஏஞ்சலஸில் இரவு 7.10-க்குத் தொடங்கும் ஆட்டம் இந்தியாவிலும் இலங்கையிலும் மறுநாள் காலை 7.40, சிங்கப்பூர், மலேசியாவில் காலை 10.10. யார் வீசப்போகிறார் என்பதை லீக்கின் இணையதளத்தில் முன்கூட்டியே போட்டுவிடுவார்கள். அதைப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

முதல் இரண்டு இன்னிங்ஸில் கேட்சரின் கையுறையை மட்டும் பாருங்கள். அவர் எங்கே காட்டுகிறார், பந்து எங்கே வருகிறது? இரண்டும் ஒன்றாக இருந்தால் பிட்சருக்கு நல்ல நாள். அடுத்து, முதல் பந்தே ஸ்ட்ரைக் ஆகிறதா என்று கவனியுங்கள். ஐந்தாவது, ஆறாவது இன்னிங்ஸில் அதே பேட்டர்கள் மூன்றாவது முறையாக வருவார்கள். பிட்சரின் தந்திரங்கள் எல்லாம் அவர்களுக்குப் பழகியிருக்கும். ஆட்டம் கைமாறுவது பெரும்பாலும் அங்கேதான். கேமரா மாற்றுப் பிட்சர்கள் காத்திருக்கும் புல்பென் பக்கம் திரும்பி, அங்கே யாராவது கை சூடுபடுத்திக்கொண்டிருந்தால் மேனேஜர் தயாராகிவிட்டார் என்று அர்த்தம்.

162 ஆட்டங்களையும் யாரும் பார்க்கச் சொல்லவில்லை. ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்களில் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே ஆட்டத்தில் வீசவும் அடிக்கவும் செய்யும் ஷோஹேய் ஒஹ்தானியும் இருக்கிறார், யமமோட்டோவும் இருக்கிறார். ஒருவருக்கு ஐந்தாறு நாளுக்கு ஒருமுறைதான் முறை வரும். அந்த ஒரு காலைப்பொழுதை மட்டும் ஒதுக்கினால் போதும், வேலைக்குப் போகிறவர்களுக்கும் கட்டுப்படியாகும்.